வேலைக்காரியாக வரலாம், குடியிருக்க வரக்கூடாது!

அமெரிக்க நாட்டிலே, நியூயார்க் நகரை அடுத்த லாங் ஐலண்ட் தீவிலே, 1947-ஆம் ஆண்டு ஒரு வாடகைப் பத்திரம் எழுதப்பட்டது. வாடகைப் பத்திரம் என்றால் அதில் என்ன இருக்கும் என்பது நமக்குத் தெரியும். மாத வாடகை இவ்வளவு. இந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும். வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும். அவையெல்லாம் அந்தப் பத்திரத்திலும் இருந்தன. ஆனால் 25-ஆவது விதி என்று ஒன்று அதில் இருந்தது. காக்கேசிய இனத்தார், அதாவது வெள்ளையர், தவிர வேறு எவரும் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது என்பது அந்த விதி. அதோடு நிறுத்தினார்களா? இல்லை. வெள்ளையர் அல்லாதவரை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வதற்குத் தடையில்லை என்று ஒரு விலக்கையும் சேர்த்து எழுதினார்கள்.

தோழர்களே, இந்த விலக்கைச் சற்று நின்று கவனியுங்கள். கறுப்பரின் கை பட்டால் தீட்டு என்றால், அந்தக் கை சமைத்த சோற்றை எப்படித் தின்றார்கள்? கறுப்பர் அருகில் வந்தால் ஆபத்து என்றால், தாம் பெற்ற குழந்தையை எப்படி அவர்கள் மடியில் கொடுத்தார்கள்? தரையைத் துடைக்கலாம், துணியைத் துவைக்கலாம், தொட்டிலை ஆட்டலாம். மாலை மயங்கியதும் வெளியேறிவிட வேண்டும். அண்டை வீட்டுக்காரராக, சமமானவராக, அதே தெருவில் விளக்கேற்றக் கூடாது! ஆகவே அந்த விதி அஞ்சியது கறுப்பரின் தோலைக் கண்டு அல்ல. அவர் சரிநிகராக நிற்பதைக் கண்டு அஞ்சியது.

அந்த ஊரின் பெயர் லெவிட்டவுன். கட்டிய முதலாளி வில்லியம் லெவிட். அந்தக் கதையை இன்று ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். "அவரவர் தம்மவரோடு வாழ விரும்பினார்கள், ஊர்கள் தாமாகப் பிரிந்தன, இதில் யார் குற்றம்?" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் கூட்டம் ஒன்று அங்கே இன்றும் உண்டு. ஊர்கள் தாமாகப் பிரியவில்லை. அரசாங்கம் பணம் கொடுத்தது, வங்கி வரிசையில் நின்றது, முதலாளி சுவர் வைத்தார். வெள்ளைத் தொழிலாளியை அந்தச் சுவருக்குக் காவல் நிறுத்தினார்கள். இந்த உண்மையை உழைப்பவர் அறிந்திருக்க வேண்டும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

உருளைக்கிழங்கு வயலில் ஓர் ஊர்

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தது. போர்முனையிலிருந்து இலட்சக்கணக்கான வீரர்கள் ஊர் திரும்பினார்கள். வந்தவர்களுக்கு வீடு இல்லை. மாமனார் வீட்டு ஒண்டுக் குடித்தனம், தகரக் கொட்டகை, மாடிப் படிக்கட்டின் அடியில் ஓர் அறை என்று இளங்குடும்பங்கள் தத்தளித்தன. அந்த நேரத்தில்தான் லெவிட் நிறுவனம் லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கியது. 1947 அக்டோபர் முதல் நாள் முதற் குடும்பங்கள் குடியேறின. மாத வாடகை 60 டாலர். பின்னர் வீடுகளை விலைக்கே கொடுத்தார்கள். தொடக்கத்தில் விலை 6,990 டாலர். 1949-இல் 7,990 டாலர். போர்வீரர் என்றால் முன்பணம்கூட வேண்டியதில்லை. சில ஆண்டுகளில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

எப்படி அவ்வளவு விரைவாகக் கட்டினார்கள்? மோட்டார்த் தொழிற்சாலையில் கார் நகர்ந்து வரும், தொழிலாளி நின்ற இடத்திலேயே நின்று வேலை செய்வார் அல்லவா? லெவிட் அதைத் தலைகீழாக மாற்றினார். வீடு நின்ற இடத்தில் நின்றது. தொழிலாளர் கூட்டம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. வீடு கட்டும் வேலையை இருபத்தாறு, இருபத்தேழு கூறாக்கினார்கள். ஒரு கூட்டம் அடித்தளம் மட்டும் போடும். ஓர் ஆள் வெள்ளை வர்ணம் மட்டும் அடிப்பார், மற்றோர் ஆள் சிவப்பு வர்ணம் மட்டும் அடிப்பார். வேலை மும்முரமாக நடந்த நாட்களில் ஒரு நாளைக்கு முப்பது வீடுகள்வரை முடிந்தன. திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: தொழிற்சங்கத்தை அந்த வேலைத்தளத்துக்குள் லெவிட் அனுமதிக்கவில்லை. கறுப்பரைக் குடியிருப்புக்குள் விடாத முதலாளி, சங்கத்தை வேலைத்தளத்துக்குள் விடாத முதலாளியும்கூட. ஒரே கை இரண்டு கதவையும் சாத்தியது.

யார் பணம்?

"தம் சொந்தப் பணத்தில் கட்டினார், தமக்குப் பிடித்தவருக்கு விற்றார், அதில் தலையிட நாம் யார்?" என்று சிலர் வாதிடுவர். சொந்தப் பணமா? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

1934-இல் அமெரிக்க மத்திய அரசு வீட்டு வசதி நிர்வாகம் என்று ஒரு துறையை ஏற்படுத்தியது. வங்கி வீட்டுக் கடன் கொடுக்கும். கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் அந்த நட்டத்தை அரசு ஈடுகட்டும். இதுதான் அதன் வேலை. இந்த உறுதி இருந்ததால்தான் வங்கிகள் குறைந்த வட்டிக்கு, நீண்ட தவணைக்குக் கடன் கொடுத்தன. 1944-இல் போர்வீரர் நலச் சட்டம் வந்தது. வீரர்களின் கடனுக்கும் அரசு பொறுப்பேற்றது. லெவிட் போன்றவர்களுக்கு வீடு கட்டும் முன்பே அரசின் உறுதி கிடைத்தது; அதைக் காட்டித்தான் வங்கியில் பணம் பெற்றார்கள். அரசு தலையசைக்காவிட்டால் அந்த வயலில் ஒரு செங்கல் ஏறியிராது.

அந்த அரசுத் துறை தன் அலுவலர்களுக்கு ஒரு கையேடு கொடுத்திருந்தது. எந்த வீட்டுக்கு உறுதி கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. வடிகால் இருக்கிறதா, சாலை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது, சரி. இனங்கள் கலந்து வாழும் பகுதியா என்றும் பார்க்கச் சொன்னது! கலந்து வாழ்ந்தால் மதிப்பெண் குறையும். இந்த இனத்தார் தவிர வேறு இனத்தார் குடியேறக்கூடாது என்று நிலப் பத்திரத்திலேயே எழுதி வைப்பது நல்லது என்று 1938-ஆம் ஆண்டுக் கையேடு பரிந்துரைத்தது. வேறு இனத்தார் வந்துவிடாமல் தடுக்கும் இயற்கைத் தடைகளும் செயற்கைத் தடைகளும் பாதுகாப்பு என்றும் கருதியது.

செயற்கைத் தடை என்றால் என்ன? டெட்ராய்ட் நகரத்தைப் பாருங்கள். அங்கே கறுப்பர் வாழ்ந்த பகுதியை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட ஒரு முதலாளி முனைந்தார். கறுப்பர் பகுதி பக்கத்திலேயே இருக்கிறது, ஆகவே உறுதி இல்லை என்றது அரசுத் துறை. முதலாளி என்ன செய்தார்? 1941-இல் இரண்டு பகுதிக்கும் நடுவே ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்குக் காங்கிரீட் சுவர் எழுப்பினார். சுவர் எழுந்தது, அரசின் உறுதியும் வந்தது! அந்தச் சுவரின் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது. அங்குள்ள மக்கள் அதன் மேல் ஓவியம் தீட்டி வைத்திருக்கிறார்கள். நாடு ஹிட்லரின் இனவெறியை எதிர்த்துப் போரில் இறங்கிய அதே ஆண்டு, தன் நகரத்தில் இனத்துக்கு ஒரு மதில் எழுந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

போர்வீரர் நலச் சட்டத்தின் எழுத்தில் நிறம் இல்லை. வெள்ளை வீரருக்கும் கறுப்பு வீரருக்கும் ஒரே சலுகைதான். ஆனால் கடனைக் கொடுக்க வேண்டியது உள்ளூர் வங்கி. மிசிசிப்பி மாநிலத்தில் 1947-இல் அரசின் பொறுப்பில் 3,229 கடன்கள் வழங்கப்பட்டன. வீட்டுக்கும், தொழிலுக்கும், பண்ணைக்கும் சேர்த்து. அவற்றில் கறுப்பருக்குக் கிடைத்தவை எத்தனை? இரண்டே இரண்டு! குண்டு பாய்ந்தபோது நிறம் பார்க்கவில்லை. கடன் கொடுக்கும்போது நிறம் பார்த்தார்கள்.

எழுத்து போனது, தடை போகவில்லை

நீதிமன்றம் என்ன செய்தது? அந்த வரலாறும் அறிய வேண்டியதே. இன்ன தெருவில் இன்ன இனம்தான் வாழலாம் என்று நகராட்சி சட்டம் போடக்கூடாது என்று 1917-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே வேறு வழி கண்டார்கள். சட்டம் போட்டால்தானே தவறு? வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொண்டால்? 1926-இல் அத்தகைய ஒப்பந்தத்தில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. பிறகு நாடெங்கும் நிலப் பத்திரங்களில் இந்த நஞ்சு பரவியது. கறுப்பர் மட்டுமல்ல, ஊருக்கு ஏற்றபடி சீனர், ஜப்பானியர், யூதர், மெக்சிகர் என்று பட்டியல் நீண்டது. கலிபோர்னியாவில் சில பத்திரங்களில் இந்தியரும் "இந்து" என்ற பெயரில் அந்தப் பட்டியலில் இருந்தனர். மதத்தைக் குறித்த சொல் அல்ல அது. இந்தியாவிலிருந்து வந்தவர் எவராயினும் அங்கே அந்நாளில் அப்படித்தான் பெயர்.

இங்கே ஒரு வழக்கை நினைவுபடுத்த வேண்டும். பகத்சிங் திண்ட் என்னும் சீக்கியர் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். குடியுரிமை கேட்டார். வெள்ளையருக்குத்தான் குடியுரிமை என்று சட்டம் தடுத்தது. "நான் உயர்சாதி, ஆரியன், ஆகவே காக்கேசியன், ஆகவே வெள்ளையன்" என்று அவர் தரப்பில் வாதம் நடந்தது. 1923-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. சாதாரண வெள்ளையன் யாரை வெள்ளையன் என்று ஒப்புகிறானோ அவன்தான் வெள்ளையன் என்றது. இந்தியருக்கு அங்கே குடியுரிமை பெறும் வழி திறக்க 1946 வரை ஆயிற்று. கீழே கிடப்பவரோடு சேர்ந்து கதவை உடைக்காமல், "நான் மேல்சாதி, என்னை மட்டும் உள்ளே விடு" என்று கதவைத் தட்டினால் என்ன விடை கிடைக்கும் என்பதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு பாடம்.

1948 மே மாதம் ஷெல்லி வழக்கின் தீர்ப்பு வந்தது. செயின்ட் லூயி நகரில் ஒரு கறுப்பர் குடும்பம் 1945-இல் வீடு வாங்கியது. 1911-இல் எழுதிய ஒரு பத்திரக் கட்டுப்பாட்டைக் காட்டி அவர்களை வெளியேற்ற அக்கம்பக்கத்தார் வழக்குத் தொடுத்தனர். அத்தகைய கட்டுப்பாட்டை நிறைவேற்றிக் கொடுக்க அரசின் நீதிமன்றங்களுக்கு உரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் சேர்ந்து சொன்ன தீர்ப்பு அது. மற்ற மூவர் விலகிக்கொண்டனர், காரணம் கூறவில்லை. அவர்களுடைய சொந்த வீடுகளிலேயே அத்தகைய கட்டுப்பாடு இருந்திருக்கும் என்பதே பலரும் கருதும் காரணம். இந்த நோய் எவ்வளவு உயரத்துக்கு ஏறியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வெற்றிதான். ஆனால் முழு வெற்றியா? நீதிமன்றம் நிறைவேற்றிக் கொடுக்காது என்றார்களே தவிர, விற்க மறுப்பது குற்றம் என்று சொல்லவில்லை. இதைத்தான் லெவிட் பிடித்துக்கொண்டார். 25-ஆவது விதியை 1949-இல் பத்திரத்திலிருந்து நீக்கினார். விற்பனை மேசையில் அது அப்படியே இருந்தது. சீருடையின் பதக்கத்தோடு வந்த கறுப்பு வீரருக்கும் "விற்பதற்கில்லை" என்பதே பதில். புதிதாக இத்தகைய கட்டுப்பாடு எழுதும் நிலத்துக்கு உறுதி கொடுப்பதில்லை என்று 1950 பிப்ரவரியிலிருந்து அரசுத் துறையும் அறிவித்தது. ஆனால் கட்டுப்பாட்டை எழுதாமலே கடைப்பிடித்த முதலாளிக்குத் தொடர்ந்து உறுதி கொடுத்தது. எழுத்தில் இருந்த தீண்டாமை வாய்மொழிக்கு மாறியது. அவ்வளவுதான் மாற்றம்.

லெவிட் சொன்ன சமாதானம் என்ன? அவர் யூதர். இனவெறி என்றால் என்னவென்று அறிந்த குலத்தில் பிறந்தவர். தமக்கு மனத்தளவில் எந்த வெறுப்பும் இல்லை என்றார். ஆனால் ஒரு கறுப்பர் குடும்பத்துக்கு விற்றால் வெள்ளையரில் நூற்றுக்குத் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து பேர் வாங்க வரமாட்டார்கள் என்றார். வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்கலாம், அல்லது இனச் சிக்கலைத் தீர்க்கலாம், இரண்டையும் சேர்த்துத் தீர்க்க முடியாது என்றும் சொன்னார்.

கேட்பதற்கு நியாயம்போல் இருக்கும். எடைபோட்டுப் பார்ப்போம். தலைக்கு மேல் கூரை இல்லாமல் மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. முன்பணமே இல்லாமல் கிடைத்த வீட்டை, பக்கத்துத் தெருவில் ஒரு கறுப்பர் இருக்கிறார் என்பதற்காக நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்களா? லெவிட் அதைச் சோதித்துப் பார்த்ததே இல்லை. சோதிக்க வைத்தது நீதிமன்றம். நியூஜெர்சி மாநிலத்தில் அவர் மூன்றாவது லெவிட்டவுன் கட்டினார். அங்கேயும் கறுப்பருக்கு இல்லை என்றார். அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1960-இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கறுப்பர் குடியேறினர். வானம் இடிந்து விழுந்ததா? வீடுகள் விற்காமல் கிடந்தனவா? இல்லை, வெள்ளையரும் தொடர்ந்து வாங்கினார்கள். மக்கள் ஒப்பமாட்டார்கள் என்று முதலாளி சொல்லும்போதெல்லாம், மக்களை அவர் எப்போது கேட்டார் என்று திருப்பிக் கேளுங்கள்.

கல்லெறிந்தவர் யார்?

ஆனால் மக்கள் மீது பழியே இல்லை என்று பூசி மெழுக நாம் எழுதவில்லை. பென்சில்வேனியா மாநிலத்தில் இரண்டாவது லெவிட்டவுன் 1952-இல் தொடங்கியது. அருகே பெரிய இரும்பாலை வந்தது. அதில் வேலை செய்தவர்கள் பலர் அங்கே வீடு வாங்கினார்கள். 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பின இணையர், மூன்று குழந்தைகளோடு அங்கே குடிவந்தனர். லெவிட் விற்கவில்லை, முன்பே அங்கு குடியிருந்த ஒருவரிடமிருந்து வாங்கிய வீடு. மையர்ஸ் போரில் பணியாற்றியவர். கடைசிக் குழந்தை கைக்குழந்தை.

தபால்காரர் செய்தியைப் பரப்பினார். மாலையில் கூட்டம் கூடியது. கல் பறந்து சன்னல் கண்ணாடி உடைந்தது. இரவுக்கு இரவு நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். காவலுக்கு வந்த போலீசார் ஒருவர் கல்லடிபட்டு நினைவிழந்து விழுந்தார். பின்புறத்து வீடொன்றை வெறியர்கள் தங்கள் கூடாரமாக்கி, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட பழைய தென்னாட்டுப் படையின் கொடியை ஏற்றி, இரவெல்லாம் பாட்டை அலறவிட்டனர். சிலுவைகளைக் கொளுத்தினர். இது நடந்தது அடிமைகளை வைத்திருந்த தென்னாட்டில் அல்ல. வடக்கே, விடுதலை மணி வைத்திருக்கும் பிலடெல்பியா நகருக்குப் பக்கத்தில்!

கல்லெறிந்த கூட்டத்தில் எத்தனை பேர் நாள் முழுதும் ஆலையில் உழைத்துவிட்டு வந்தவர்கள்! தவணை கட்டி வாங்கிய வீடு; அதன் விலை விழுந்துவிடும் என்ற அச்சம். அந்த அச்சத்தை ஊட்டியவர் யார்? கறுப்பர் வந்தால் மதிப்புக் குறையும் என்று கையேட்டில் அச்சடித்த அரசாங்கம். அதை வேதமாகக் கொண்ட வங்கி. அதைச் சொல்லி விற்ற முதலாளி. சட்டைப் பையில் கைவைத்தவன் மேலே இருக்கிறான். கல் பக்கத்து வீட்டுத் தொழிலாளி மேல் விழுகிறது. ஆண்டாண்டு காலமாக உழைப்பவரைப் பிரிக்கும் சூழ்ச்சி இதுதான்.

ஆனால் அதே தெருவில் வேறு மனிதரும் இருந்தார்கள். வெள்ளையரான அண்டை வீட்டார் சிலரும், குவேக்கர் சமயத்தவரும் மையர்ஸ் வீட்டுக்குத் துணையாக வந்தார்கள், வேலைகளில் கைகொடுத்தார்கள். அவர்கள் வீட்டுச் சுவரிலும் வெறியர்கள் மிரட்டல் எழுதினார்கள். அஞ்சவில்லை. ஆளுநர் போலீசை அனுப்பினார். மாநிலத் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றார். கலவரம் அடங்கியது. மையர்ஸ் குடும்பம் ஓடவில்லை. நான்கு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, 1961-இல் தாங்களாக இடம் மாறிச் சென்றது.

சங்கம் கட்டிய வீடு

தொழிற்சங்கம் நினைத்தால் என்ன செய்ய முடியும்? அதற்கும் சான்று உண்டு. கலிபோர்னியாவில் ரிச்மண்ட் என்ற ஊரில் போர்டு மோட்டார்த் தொழிற்சாலை இருந்தது. 1950-களின் நடுவில் அதை ஐம்பது மைல் தள்ளி மில்பிடாஸ் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். தொழிலாளர் அனைவரும் புதிய ஆலைக்கு மாறலாம் என்று சங்கம் ஒப்பந்தம் வாங்கியிருந்தது. வேலை இருந்தது. ஆனால் கறுப்புத் தொழிலாளிக்குச் சுற்றுவட்டாரத்தில் வீடு இல்லை! புதிய குடியிருப்புகள் எல்லாம் வெள்ளையருக்கு. கூட்டாகக் காரில் ஏறி, போகவர நூறு மைல் பயணம் செய்து வேலை பார்த்தார்கள்.

மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் 560-ஆவது கிளை அதை அவரவர் தலைவிதி என்று விட்டுவிடவில்லை. பென் கிராஸ் என்ற கறுப்பின உறுப்பினர் சங்கத்தின் வீட்டுக் குழுவை நடத்தினார். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வாழும் குடியிருப்பைச் சங்கமே முன்னின்று கட்டுவது என்று முடிவு செய்தனர். வங்கிகள் கைவிரித்தன. நிலம் தேடிய இடமெல்லாம் இடையூறு. கடைசியில் நிலம் கிடைத்ததும், கழிவுநீர் இணைப்புக் கட்டணத்தைப் பத்து மடங்குக்கும் மேலே உயர்த்திவிட்டது உள்ளூர் வாரியம். இனத்தின் பெயரையே சொல்லாமல், சாக்கடைக் குழாயை வைத்துக் கதவடைத்தார்கள்! சங்கம் ஊர்வலமாகவும் வழக்காகவும் போராடியது. மாநிலத் தலைமை வழக்கறிஞரின் கவனத்துக்குக் கொண்டுபோனது. கடன் கொடுக்க மெட்ரோபாலிடன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் முன்வந்தது. நியூயார்க்கில் தான் கட்டிய ஸ்டைவசன்ட் டவுன் என்ற பெரிய குடியிருப்பில் கறுப்பரைச் சேர்க்க மறுத்த அதே நிறுவனம்தான்! போராட்டத்தின் அழுத்தம் எதை எதை மாற்றுகிறது, பாருங்கள்.

சன்னிஹில்ஸ் என்ற அந்தக் குடியிருப்பு எழுந்தது. இருபால் நிறத்தாரும் குடியேறினர். பென் கிராஸ் 1966-இல் அந்த ஊருக்கே மேயரானார். ஆனால் உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். இழுத்தடிப்பில் செலவு ஏறி, வீட்டு விலையும் ஏறியது. யாருக்காகத் தொடங்கினார்களோ அந்தக் கறுப்புத் தொழிலாளர் பலரால் வாங்க முடியாமல் போயிற்று. நேராகத் தோற்கடிக்க முடியாதவனைத் தாமதத்தால் தோற்கடிப்பது ஆதிக்கத்தின் பழைய தந்திரம். அப்படியும் அந்த ஊரில் ஒருவரும் கல்லெறியவில்லை. ஏன்? ஒரே சங்கத்தில் ஒன்றாகச் சந்தா கட்டி, ஒன்றாக வேலைநிறுத்தம் செய்து பழகியவர்கள், ஒரே தெருவில் வாழவும் பழகிக்கொண்டார்கள்.

இன்றைய கணக்கு

இது பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1966-இல் சிகாகோவில் வீட்டுரிமை கேட்டு ஊர்வலம் சென்ற மார்ட்டின் லூதர் கிங்கின் தலையில் கல் விழுந்தது. 1968 ஏப்ரல் 4-ஆம் நாள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு ஒரே வாரத்தில், ஏப்ரல் 11-இல், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இன வேற்றுமை கூடாது என்ற சட்டம் கையெழுத்தானது. அதுவரை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்த நீதி, ஒரு மாமனிதரின் உயிரை விலையாகக் கேட்டது.

சட்டம் வந்தபோது வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஏழாயிரம், எட்டாயிரம் டாலருக்கு வாங்கிய லெவிட்டவுன் வீடு இன்று ஐந்து இலட்சம் டாலருக்கும் மேல். அதை விற்றும் அடகு வைத்தும் வெள்ளைத் தொழிலாளி பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினார், பேரனுக்குச் சொத்து வைத்தார். அதே போரில் நின்ற கறுப்புத் தொழிலாளி ஆயுள் முழுதும் வாடகை கட்டினார். அவர் பேரனுக்கு வாடகைச் சீட்டுத்தான் மிஞ்சியது. 2022-ஆம் ஆண்டுக்கான அமெரிக்க மத்திய வங்கியின் கணக்கு இது: நடுத்தர வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், நடுத்தரக் கறுப்பர் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். ஒன்றுக்கு ஆறு! உழைப்பில் வந்த வேற்றுமையா இது? 25-ஆவது விதி போட்ட வட்டி இது.

லாங் ஐலண்டின் லெவிட்டவுனில் 2010-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கறுப்பர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தனர். 2019-இல் அத்தீவின் நியூஸ்டே நாளேடு ஒரு சோதனையை வெளியிட்டது. ஒத்த வருமானம் உள்ள வெள்ளையரையும் மற்றவரையும் வீட்டுத் தரகர்களிடம் தனித்தனியே அனுப்பி, மறைவாகப் படம்பிடித்தார்கள். கறுப்பரை அனுப்பிய சோதனைகளில் ஏறத்தாழ பாதியில் வேறுபாடு காட்டினர் தரகர்கள். ஒருவருக்கு ஒரு தெரு, மற்றவருக்கு வேறு தெரு. சட்டம் வந்து ஐம்பது ஆண்டு ஆன பிறகும்!

1959-இல் இந்தியாவுக்கு வந்தபோது நடந்ததாக கிங் பின்னர் ஒரு செய்தியைச் சொன்னார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில், தாழ்த்தப்பட்ட மாணவர்கள் முன்னிலையில், "அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாத தோழர்" என்று அவரை அறிமுகம் செய்தார்கள். முதலில் அவருக்குத் திடுக்கிட்டது. பிறகு தம் மக்கள் நகரச் சேரிகளில் அடைபட்டுக் கிடப்பதை எண்ணினார்; ஆம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று தேறினார். அவர் கண்ட அந்த உறவை நாம் மறக்கலாமா? வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டு, "வீடு காலி இல்லை" என்று சொல்லும் வழக்கம் நம் நகரங்களில் ஒழிந்துவிட்டதா? லெவிட்டின் விற்பனை மேசை கலிபோர்னியாவிலும் லாங் ஐலண்டிலும் மட்டும் இல்லை.

தோழர்களே, இந்த வரலாறு நமக்குச் சொல்வது இதுதான். பத்திரத்திலிருந்து ஒரு வரியை அடித்துவிட்டால் சுவர் இடிந்துவிடாது. சட்டம் வேண்டும்; அதற்காகப் போராட வேண்டும். சட்டம் வந்த பிறகும் கடன் யாருக்குக் கிடைக்கிறது, மனை யாருக்கு ஒதுக்கப்படுகிறது, தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் எந்தத் தெருவோடு நின்றுவிடுகின்றன என்று கணக்குக் கேட்க ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? சங்கமாய்ச் சேர்ந்த தொழிலாளிதான். மில்பிடாஸ் தொழிலாளர் அதைச் செய்து காட்டினார்கள். ஆலைக்குள் கறுப்பரைத் தோழர் என்று அழைத்தவர்கள், மாலையில் வீடு திரும்பும்போதும் அவரைத் தோழர் என்றே அழைத்தார்கள். அவரும் தம்மோடு குடியிருக்க ஓர் ஊரையே கட்டினார்கள். உங்கள் சங்கத்தில் உங்களோடு கொடி பிடிப்பவர், உங்கள் தெருவில் வீடு கேட்டு வந்தால், முதலில் கதவைத் திறக்கும் வீடு உங்கள் வீடாக இருக்கட்டும்.